பியானோ வகுப்பு வாரம் ஒரு நாள், மற்ற ஆறு நாள்?

என் வகுப்பு புதன்கிழமை மாலை. முதல் வருடம் முழுக்க என் வாரம் இப்படித்தான் போனது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் "இப்பத்தானே வகுப்பு முடிஞ்சது" என்று பியானோ பக்கமே போக மாட்டேன். சனி, ஞாயிறு வேறு வேலைகளில் கரைந்துவிடும். திங்களன்று மனசு லேசாக உறுத்தும். செவ்வாய் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் விடாமல் தட்டுவேன். புதன் மாலை டீச்சர் முன்னால் நாலாவது வரியிலேயே தடுமாறுவேன்.

"வீட்ல நல்லா வந்துச்சு டீச்சர்" என்பேன். எல்லா மாணவர்களும் சொல்வதுதான்.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எத்தனாவது தடவைல நல்லா வந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது தடவை இருக்கும். பதினோரு தடவை தப்பாக வாசித்து, ஒரு தடவை சரியாக வந்ததும் திருப்தியாக மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். தப்பும் கைப்பழக்கம்தான், கைக்கு வித்தியாசம் தெரியாது. பதினோரு தடவை செய்ததைத்தான் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

தனி வகுப்பில் ஆசிரியரோடு நமக்குக் கிடைப்பது வாரத்துக்கு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குள் யாராலும் பியானோ கற்றுக்கொள்ள முடியாது. எப்படிச் சாதகம் (வீட்டில் செய்யும் பயிற்சி) செய்வது என்று கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பியானோவைக் கற்றுக்கொள்வது வீட்டில், தனியாக. கருவி வாங்குவது, ஆசிரியரைத் தேடுவது, நேரம் ஒதுக்குவது எல்லாவற்றையும் அந்த ஆறு நாளை வைத்தே முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி. இனி ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: சேர்வதற்கு முன் ஒரு வாரம் சும்மா உட்காருங்கள்

காசு கட்டும் முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில், இருபது நிமிடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பியானோ இசை கேளுங்கள். போனை எட்ட வைத்துவிடுங்கள். ஏழு நாளில் ஐந்து நாளாவது அந்த இருபது நிமிடம் கிடைத்ததா? கிடைத்தது என்றால் சேரலாம். கிடைக்கவில்லை என்றால் இசை அறிவைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு முதலில் நாளில் ஓர் இடம் தேடுங்கள். வகுப்பில் சேர்ந்தால் நேரம் தானாக வந்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கேட்கும்போதே, எதை வாசிக்க ஆசை என்று மூன்று உருப்படிகளை (இசைத் துண்டுகளை) எழுதி வையுங்கள். மேற்கத்திய செவ்வியல் இசையை நோட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறியீடு) பார்த்து வாசிப்பது ஒரு பாதை. பாட்டுகளைக் காதால் கேட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்து வாசிப்பது இன்னொரு பாதை. பாடுகிறவருக்குப் பின்னணி வாசிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், எல்லா ஆசிரியரும் மூன்றையும் சொல்லித்தருவதில்லை.

வயதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். குழந்தைகளுக்கு விரல் சீக்கிரம் பழகும். பெரியவர்களுக்கு விஷயம் சீக்கிரம் புரியும், விரல் மெதுவாகத்தான் வரும். பெரியவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு: நல்ல இசையைப் பல வருடம் கேட்டிருப்பதால், தாம் வாசிப்பது தமக்கே பிடிக்காது. முதல் ஆறு மாதம் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

படி 2: கருவி

முழுப் பியானோவில் விரலால் அழுத்தும் கட்டைகள் 88, 52 வெள்ளை, 36 கருப்பு. ஆரம்பத்தில் அத்தனையும் தேவைப்படாது என்று சொல்லி 61 கட்டை கீபோர்டு வாங்கச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரிதான், முதல் வருடத்துக்கு 61 போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்தபோது அதன் சிறப்பே, கட்டையை மெல்ல அழுத்தினால் மெல்லவும் வேகமாக அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும் என்பதுதான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கம்பியை மீட்டுவதால் விரலின் வேகத்துக்குப் பெரிய வேலை இல்லை. கிறிஸ்டோஃபோரி சுத்தியல் வைத்து அடித்தார். பியானோஃபோர்ட்டே என்ற பெயருக்கே மெல்லிசை, வல்லிசை என்று பொருள். ஆகவே விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறாத கருவியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பியானோவின் பாதியைத்தான் பழகுகிறீர்கள். வீட்டில் லேசான பிளாஸ்டிக் கட்டையில் பழகிவிட்டு ஆசிரியரின் பியானோவில் போய் உட்கார்ந்தால் விரல் சேற்றில் நடப்பது போல இருக்கும்.

அதனால் டிஜிட்டல் பியானோ வாங்கினால் 88 கட்டை, சுத்தியலின் எடை உணர்வு உள்ள வெயிட்டட் கீ, நிலையான ஸ்டாண்டு, ஒலியை நீட்டிக்கும் ஒரு சஸ்டெய்ன் பெடல், இந்த நான்கையும் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள் இருப்பதெல்லாம் கவனத்தைக் கெடுக்கத்தான். ஹெட்போன் மாட்ட முடிவது மட்டும் பெரிய வரம், இரவு பதினோரு மணிக்கும் சாதகம் செய்யலாம். அசல் பியானோ கிடைத்தால் அந்த ஒலிக்கு ஈடு கிடையாதுதான். ஆனால் சுமார் 230 கம்பிகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது டியூன் செய்ய வேண்டும், ஈரம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். டியூன் போன அசல் பியானோவைவிட நல்ல டிஜிட்டல் பியானோ மேல். காது கெட்டுப்போகாது.

உட்காரும் உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. விரலைக் கட்டையில் வைத்தால் முன்கை தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும், தோள் தூக்கக் கூடாது. சாப்பாட்டு மேசை நாற்காலி பெரும்பாலும் சரிவராது, உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் வாங்குங்கள். கனடாவின் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் க்ளென் கோல்ட் உயரம் குறைந்த ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்தே வாழ்நாள் முழுக்க வாசித்தார். அவர் க்ளென் கோல்ட்.

கடைசியாக ஒன்று. கருவியை உறை போட்டு மூடி வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் கீபோர்டை எடுத்து, ஸ்டாண்டை விரித்து, வயரைச் செருகி உட்காருவதற்குள் வாசிக்கும் ஆசை போய்விடும். நடந்துபோகும் வழியில், திறந்தபடி, இசைப் புத்தகம் விரித்தபடி இருக்கட்டும்.

படி 3: ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது

நன்றாக வாசிக்கிறவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிலருக்குத் தாம் எப்படிக் கற்றோம் என்பதே மறந்துபோயிருக்கும். நான் முதலில் போன ஆசிரியர் அபாரமாக வாசிப்பார். நான் தடுமாறிய இடத்தில் "இப்படி" என்று தானே வாசித்துக் காட்டுவார், நான் வாயைப் பிளந்து கேட்பேன், வகுப்பு முடியும். வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் இப்படி ஓடியது.

சோதனை வகுப்பு ஒன்று கேளுங்கள். பெரும்பாலோர் தருவார்கள். அந்த வகுப்பில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் தப்பு செய்யும்போது அவர் "மறுபடியும் வாசிங்க" என்கிறாரா, அல்லது தப்பு எதனால் வந்தது என்று சொல்கிறாரா? "நாலாவது விரல் வர வேண்டிய இடத்தில் மூணாவது வந்திடுச்சு, அதனால அடுத்த ஸ்வரத்துக்கு விரல் இல்ல" என்று சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டாவது, அரை மணியில் உங்கள் கை எவ்வளவு நேரம் கட்டையில் இருந்தது, அவர் கை எவ்வளவு நேரம் இருந்தது? மூன்றாவதுதான் முக்கியம்: வகுப்பு முடியும்போது "இந்த வாரம் வீட்டில் நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "இந்தப் பாட்டை நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க" என்பது பதில் இல்லை. "முதல் எட்டு பார், வலது கை மட்டும், மெதுவா, இந்த விரல் எண்ணோட" என்பது பதில். (பார் என்பது நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த ஒரு சிறு பகுதி.)

நேரம்: குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் 30 நிமிடம் சரி. பெரியவர்களுக்கு 45 நிமிடம் வசதியாக இருக்கும், பேசவும் கேட்கவும் இடம் கிடைக்கும். வாரம் ஒரு முறைதான் நல்ல இடைவெளி. முதல் சில மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால், தப்பான விரல் பதினான்கு நாள் ஊறிவிடும். விடுபட்ட வகுப்புக்கு ஈடு உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வருவது இதில்தான்.

ஆன்லைன் வகுப்பு நடக்கும், ஆனால் சில ஏற்பாடுகள் வேண்டும். முகம் தெரிவதைவிடக் கை தெரிவது முக்கியம், ஆகவே கேமரா கட்டைகளுக்குப் பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கட்டும். வீடியோ அழைப்புச் செயலிகள் பியானோ ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், அந்த வடிகட்டியை அணைத்துவிடுங்கள். ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. முதல் இரண்டு மூன்று மாதம் மட்டுமாவது நேரில் போங்கள் என்பேன். மணிக்கட்டு இறுகியிருப்பதைத் திரையில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

படி 4: முதல் மாதம்

முதல் மாதம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உட்காரும் விதம், விரல் வளைவு, நடு சி (கட்டைகளின் நடுப்பகுதியில் இருக்கும் சி) எங்கே இருக்கிறது, இதிலேயே இரண்டு வகுப்பு போய்விடும். மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துகள்தான் பெயர். விரல் எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5.

பிறகு சி மேஜர் ஸ்கேல் (சியில் தொடங்கும் ஸ்வர வரிசை) வரும். வெள்ளைக் கட்டைகள் மட்டும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது சங்கராபரணம்தான், காதுக்குப் புதிதாக எதுவும் இல்லை. புதிது விரலில் இருக்கிறது: எட்டு ஸ்வரம், ஐந்து விரல். வலது கையில் 1, 2, 3 வாசித்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நழுவி நான்காவது கட்டையைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து 1, 2, 3, 4, 5. இடது கையில் மேலே போகும்போது 5, 4, 3, 2, 1 முடிந்து மூன்றாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி வர வேண்டும். இரண்டு கையும் வெவ்வேறு இடத்தில் தாண்டுகின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது மூளை சூடாவதற்கு இதுதான் காரணம். தாண்டும்போது முழங்கையை வெளியே தூக்கி வழிவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. மூன்றாவது விரல் வாசிக்கும்போதே கட்டைவிரல் கிளம்பிவிட்டால் முழங்கைக்கு வேலையே இல்லை.

நோட்டேஷன் படிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சி, டி, ஈ என்று எழுதி வைக்கும் ஆசை வரும். எழுதாதீர்கள். எழுதினால் கண் எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. இரண்டு மூன்று அடையாள ஸ்வரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நடு சி, ட்ரெபிள் கிளெஃப் (மேல் ஸ்வரங்களுக்கான வரித் தொகுப்பின் தொடக்கக் குறி) சுற்றி நிற்கும் ஜி, பேஸ் கிளெஃப்பின் (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள எஃப். மற்றதை அங்கிருந்து எண்ணிப் போகலாம். தினம் ஐந்து நிமிடம் படித்தால் சில வாரங்களில் எண்ண வேண்டிய அவசியம் குறையும்.

படி 5: வகுப்பு முடிந்த அன்றே பத்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்ததும், உடை மாற்றும் முன், பத்து நிமிடம் கருவி முன் உட்காருங்கள். ஆசிரியர் சொன்னதெல்லாம் அப்போது காதில் இருக்கும், அடுத்த நாள் காலை பாதி போய்விடும். அவர் திருத்திய இடத்தை மட்டும் நாலு தடவை வாசியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"வியாழன், 7.10 முதல் 7.35. ஜி மேஜர், வலது கை, மெட்ரோனோம் 60. எஃப் ஷார்ப் இரண்டு தடவை மறந்தது. மினுவெட், இரண்டாவது பாரிலிருந்து மூன்றாவதுக்குத் தாவல், கடைசி ஐந்து தடவையும் சரி. இடது கை ஐந்தாவது பார் வரவில்லை. நாளை முதல் வேலை அது."

(மெட்ரோனோம் என்பது சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் கருவி, 60 என்றால் நிமிடத்துக்கு 60 தட்டு. எஃப் ஷார்ப் என்பது எஃப்புக்கு வலப்பக்கத்துக் கருப்புக் கட்டை. மினுவெட் ஒரு பழைய ஐரோப்பிய நடன இசை.) கடைசி வாக்கியம்தான் பயனுள்ளது. மறுநாள் உட்காரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம்.

படி 6: நேரத்தை எங்கே மாட்டுவது

"தினமும் ஒரு மணி நேரம்" என்று சபதம் எடுக்காதீர்கள். நாலு நாளில் உடையும். புதியவருக்குத் தினம் இருபது நிமிடம் தாராளம். சில மாதம் கழித்து முப்பது, நாற்பது என்று அதுவாகவே நீளும். ஆறு நாள் இருபது நிமிடமும் ஒரே நாள் இரண்டு மணி நேரமும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், கைக்கு ஒன்றாக இருக்காது. தூங்கும்போது கை அசைவுகள் நினைவில் படிகின்றன. நேற்றிரவு முரண்டு பிடித்த இடம் இன்று காலை சுலபமாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்தால் அந்த லாபம் ஒரு முறைதான்.

ஏற்கெனவே தினமும் செய்யும் ஏதாவது ஒரு காரியத்தோடு சாதகத்தைக் கட்டிவிடுங்கள். நான் காலையில் குளித்து முடித்ததும் உட்காருவேன். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தன்னிச்சையாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாள் விட்டதும் "அவ்வளவுதான், போச்சு" என்று ஒரு வாரம் விடுகிற ஆள் நான். இப்போது, முடியாத நாளில் ஐந்து நிமிடம், ஒரே ஒரு ஸ்கேல். அதற்கும் முடியவில்லையா, சரி, நாளைக்கு.

முப்பது நிமிடம் இருந்தால் நான் பிரிப்பது: ஐந்து நிமிடம் ஸ்கேல், பன்னிரண்டு நிமிடம் மிகக் கஷ்டமான ஓர் இடம், எட்டு நிமிடம் உருப்படியின் மற்ற பகுதி, மிச்ச ஐந்து நிமிடம் மனசுக்குப் பிடித்ததை வாசிப்பது. கடைசி ஐந்தை வெட்டிவிடாதீர்கள். அடுத்த நாள் உங்களைத் திரும்ப இழுத்து வருவது அதுதான்.

படி 7: உட்கார்ந்தபின் என்ன செய்வது

பெரும்பாலோர் செய்வது: முதலிலிருந்து தொடங்கி, தப்பு வரும் இடம்வரை போய், நின்று, மறுபடி முதலிலிருந்து. முதல் வரி பிரமாதமாகப் பழகும், கடைசி வரி கைப்படாமலே இருக்கும். தப்பு வரும் இடத்தில் நின்று திரும்புவதும் சேர்ந்தே பழகிவிடும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஜி மேஜரில் ஒரு மினுவெட் உண்டு. பியானோ கற்கும் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கட்டத்தில் வாசிப்பது. இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனா பாக்கின், 1725இல் தொடங்கிய இசைக் குறிப்பேட்டில் இருப்பதால் பாக் எழுதியது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள், உண்மையில் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது. வலது கையில் முதல் பார் டி, ஜி, ஏ, பி, சி. இரண்டாவது பார் டி, ஜி, ஜி. மூன்றாவது பார் ஈ, சி, டி, ஈ, எஃப் ஷார்ப். நான்காவது, மேல் ஜி, கீழ் ஜி இரண்டு தடவை.

எனக்கு மூன்றாவது பாரில் எப்போதும் இடறியது. அதனால் மூன்றாவது பாரை மட்டும் எடுத்து நாற்பது தடவை வாசித்தேன். தனியாக வாசித்தால் ஒரு குறையும் இல்லை. சேர்த்து வாசித்தால் மறுபடி இடறியது. டீச்சர் பார்த்துவிட்டு, "மூணாவது பார்ல ஒண்ணும் தப்பில்ல. நீங்க அங்க போய்ச் சேர்றதுலதான் தப்பு" என்றார். இரண்டாவது பார் முடிவில் கட்டைவிரல் கீழ் ஜியில் இரண்டு தடவை விழுகிறது. அடுத்த நொடி மூன்றாவது விரல் மேலே ஈயில் விழ வேண்டும், கட்டைவிரல் சிக்குப் போக வேண்டும். கை மொத்தமும் இடம் மாறுகிறது. நான் கட்டைவிரலை ஜியிலேயே ஒட்டி வைத்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, பழக வேண்டியது ஜி, ஜி, ஈ என்ற மூன்று ஸ்வரம்தான். அதை மட்டும் எடுத்தேன். ஜி, ஜி வாசித்து, ஈக்கு மேலே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திப் பார்ப்பது. சரியான இடமா? பிறகு தொடுவது. பத்து தடவை அப்படி. அப்புறம் நிறுத்தாமல். அப்புறம் முன்னால் ஒரு ஸ்வரம் சேர்த்து, பின்னால் இரண்டு சேர்த்து. ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஒரு வாரமாக என்னைப் படுத்தியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. தப்பு கேட்கும் இடமும் தப்பு தொடங்கும் இடமும் ஒன்றல்ல, பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு ஸ்வரம் முன்னால் இருக்கும். எடுக்கும் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. துண்டு சரியானதும் அதை முன்னும் பின்னும் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியே கிடக்கும்.

வேகத்தைப் பற்றி: மெதுவாக வாசியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எவ்வளவு மெதுவாக என்று சொல்ல மாட்டார்கள். அளவுகோல் இது: தப்பும் வராமல், நடுவில் நிற்கவும் செய்யாமல், அடுத்து எந்த விரல் என்று முன்கூட்டியே தெரிந்து வாசிக்க முடிகிற வேகம். அது வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கலாம். மெட்ரோனோமில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாக வந்தால் நான்கு கூட்டுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து தப்பினால் எட்டு குறையுங்கள். எப்போதுமே மெட்ரோனோமோடு வாசிக்கவும் வேண்டாம். அது லயத்தைச் சோதிக்கும் கருவி, ஊன்றுகோலாக ஆகிவிடக் கூடாது.

எண்ணிக்கைக்கு என் டீச்சர் சொன்ன உபாயம் தீக்குச்சி. ஐந்து குச்சிகளை இடது பக்கம் வையுங்கள். ஒரு தடவை சரியாக வந்தால் ஒன்றை வலது பக்கம் நகர்த்துங்கள். ஒரு தப்பு வந்தால் எல்லாக் குச்சியும் இடது பக்கம் திரும்பும். நான்காவது குச்சியில் தப்பு வரும்போது வரும் கோபம் இருக்கிறதே! ஆனால் ஐந்தாவது குச்சிக்கு இதயம் படபடக்க வாசிப்பது, பிறர் முன் வாசிப்பதற்கும் நல்ல ஒத்திகை.

தனித்தனிக் கையாகப் பழகிவிட்டு இரண்டையும் சேர்க்கும்போது எல்லாம் சரிந்து விழும். அது இயல்பு. தனிக்கையில் வந்த வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எந்த ஸ்வரத்தில் இரண்டு கையும் ஒன்றாக விழுகின்றன என்று பென்சிலால் செங்குத்தாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோடாகப் போங்கள். விரல் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள், ஒருநாள் போல ஒருநாள் அதே விரலில் வாசியுங்கள். விரல் மாறினால் ஒவ்வொரு தடவையும் புது உருப்படி கற்கிற மாதிரிதான்.

வாரத்துக்கு ஒரு முறை போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கை வேலையாக இருப்பதால் காது பாதிதான் திறந்திருக்கும். முதல் பதிவில் நான் கேட்டது: சுலபமான இடங்களில் ஓடுகிறேன், கஷ்டமான இடங்களில் ஊர்கிறேன். எனக்கு அதுவரை என் லயம் சீராக இருப்பதாக நினைப்பு.

படி 8: வகுப்புக்குப் போகும்போது

சாதகம் செய்யாத வாரத்தில் வகுப்பை ரத்து செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு இங்கேயே உட்கார்ந்து எப்படி பிராக்டிஸ் பண்ணணும்னு சொல்லித்தாங்க டீச்சர்" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள வகுப்புகளில் இரண்டு அப்படி வந்தவை.

வீட்டில் வந்தது வகுப்பில் வராமல் போவதற்கு இரண்டு நேர்மையான காரணங்கள் உண்டு: கட்டையின் எடை வேறு, யாரோ பார்க்கிறார்கள் என்ற பதற்றம். அதனால் வகுப்புக்கு முந்தின நாள், எடுத்ததும் ஒரே ஒரு தடவை, கையைச் சூடாக்காமல், நிற்காமல் வாசித்துப் பாருங்கள். அந்த ஒரு தடவை எப்படி வருகிறதோ அதுதான் உங்கள் உண்மையான நிலை.

படி 9: வலியும் தேக்கமும்

களைப்பு வரலாம். வலி வரக் கூடாது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், அடுத்த வகுப்பில் முதல் வேலையாக ஆசிரியரிடம் காட்டுங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானுக்கு இருபது வயதைக் கடந்த சில காலத்திலேயே வலது கை விரல் கெட்டு, பியானோக் கலைஞராகும் கனவு முடிந்தது. காரணம் எது என்று இன்றும் வாதம் நடக்கிறது. வலியைத் தாங்கிக்கொண்டு வாசிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

தேக்கம் வேறு. சில மாதங்கள் எதுவும் நகராத மாதிரி இருக்கும். அப்போது ஆறு மாதத்துக்கு முன் முடித்த உருப்படியை எடுத்து வாசியுங்கள். அன்று மலையாகத் தெரிந்தது இன்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளியூர் போய்த் திரும்பினாலும் இதே வழி: புது உருப்படியில் தொடங்காமல், தெரிந்ததில் தொடங்கி இரண்டு நாள் கையை இளக விடுங்கள். முடித்த உருப்படிகளில் மூன்றையாவது எப்போதும் வாசிக்கிற நிலையில் வைத்திருங்கள். யாராவது "ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்றால், மூன்று வருடம் கற்றும் ஒன்றும் நினைவில் இல்லை என்று முழிக்க வேண்டியதில்லை.

தேர்வு எழுதலாமா?

1889இல் பிரிட்டனில் தொடங்கிய இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி காலேஜ் லண்டன் போன்ற அமைப்புகள் 8 கிரேடு வரை தேர்வு நடத்துகின்றன. ஏபிஆர்எஸ்எம்மின் வழக்கமான செய்முறைத் தேர்வில் மூன்று உருப்படிகள், ஸ்கேல், பார்த்ததும் வாசித்தல், செவித்திறன் எல்லாம் உண்டு. 150க்கு 100 எடுத்தால் தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் கிரேடுக்குப் போகும் முன் 5ஆம் கிரேடு தியரி போன்ற ஒரு தகுதி வேண்டும்.

கெடு இருந்தால்தான் வேலை செய்வேன் என்கிறவர்களுக்குத் தேர்வு நல்லது. ஆனால் வருடம் முழுக்க அந்த மூன்று உருப்படிகளை மட்டுமே வாசித்து, 5ஆம் கிரேடு சான்றிதழோடு, புதிதாக ஒரு சுலபமான பக்கத்தைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தேர்வுக்குப் போனாலும், அதே வருடத்தில் அதைவிட எளிதான பத்து உருப்படிகளாவது வாசிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரை மாற்றுவது

நாலைந்து மாதம் ஒழுங்காகச் சாதகம் செய்தும் ஒரே இடத்தில் நின்றால், வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் என்ன செய்வது என்றே தெரியாமல் வந்தால், முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். மாறவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. நடுமாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நிற்காமல், ஒரு மாதம் முன்பே சொல்லி, நன்றி சொல்லி விடைபெறுங்கள். முதல் ஆசிரியரிடம் நான் அப்படிச் செய்யவில்லை, இரண்டு மாதம் அவர் எண்ணைப் பார்த்தாலே போனைத் திருப்பி வைத்தேன்.

புதிய ஆசிரியரிடம் போகும்போது நன்றாக வரும் ஓர் உருப்படி, பாதியில் நிற்கும் ஓர் உருப்படி, கூடவே அந்தச் சாதக நோட்டு, மூன்றையும் கொண்டுபோங்கள். என் டீச்சர் முதல் நாள் என்னை வாசிக்கச் சொல்லவே இல்லை. "நோட் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்றுதான் கேட்டார். அப்போது என்னிடம் இல்லை.